எந்த கலர் நமக்கு செட் ஆகும்? மேட்சிங் சென்டர்ல தினமும் கேக்கற கேள்விகளும் பதில்களும்

கும்பகோணத்துல மேட்சிங் சென்டர் வெச்சிருக்கேன். ஜாக்கெட் பிட், லைனிங், ஃபால்ஸ், பாவாடைத் துணி, அவ்ளோதான் கடை. ஆனா ரூபியான்னு சொல்ற ஜாக்கெட் துணியில பச்சை மட்டுமே என் ரேக்ல 20க்கு மேல இருக்கும், கிளிப்பச்சை, இலைப்பச்சை, பாசிப்பச்சை, பாட்டில் பச்சை, ராமர் பச்சைன்னு. புடவையை பையில போட்டு எடுத்துட்டு வர்றவங்க மேட்ச் பண்ணி முடிச்சு, பிட்டு கிழிச்சு வாங்கி, காசும் குடுத்துட்டு, அப்புறம் தான் மெதுவா கேப்பாங்க, "இந்த கலர் எனக்கு நல்லா இருக்குமா?"ன்னு. அதையே இத்தனை வருஷத்துல எத்தனையோ விதமா கேட்டுட்டாங்க. அவங்க கேட்ட மாதிரியே கேள்வியை போட்டு, நான் சொல்ற பதிலை கீழ எழுதியிருக்கேன்.

"அக்கா நான் கறுப்பு, எனக்கு எந்த கலர் செட் ஆகும்னு ஒரே வார்த்தையில சொல்லுங்களேன்"

ஒரே வார்த்தையில சொல்ல முடியாதும்மா. பச்சைன்னு சொன்னா அந்த 20 பச்சையில எதுன்னு அடுத்த கேள்வி வந்துடும், அதுல நாலு உங்களுக்கு அட்டகாசமா இருக்கும், நாலு முகத்தை காய்ச்சல்ல படுத்து எழுந்த மாதிரி காட்டும். அதனால கலரோட பேரை விட்டுடுங்க. அது லைட்டா டார்க்கா, தெளிவா இருக்கா இல்ல சாம்பல் கலந்த மாதிரி மங்கலா இருக்கா, மஞ்சள் பக்கம் சாயுதா நீலம் பக்கம் சாயுதா, இந்த மூணைத்தான் பாக்கணும். கறுப்பு, அடர்ந்த மாநிறம் இருக்கறவங்களுக்கு என் அனுபவத்துல நடுவுல சொன்னது தான் பெரிய விஷயம். வாடாமல்லி, மயில்நீலம், குங்குமச் சிவப்பு, மாம்பழ மஞ்சள் மாதிரி தெளிவான கலர் எல்லாம் முகத்தை எடுத்துக் குடுக்கும். அழுக்கு ரோஸ், மங்கின காக்கி, சிமெண்ட் கலர் எல்லாம் முகத்தோட ஒளியை இழுத்துடும்.

இன்னொண்ணு, இதை மனசார சொல்றேன். "இது என்னை கொஞ்சம் கலரா காட்டுமா"ன்னு துணியை பாக்காதீங்க. "என் முகம் தெளிவா தெரியுதா"ன்னு பாருங்க. முதல் கேள்வியோட கடைக்குள்ள வந்தா பாதி ரேக்கை நீங்களே உங்களுக்கு இல்லன்னு ஒதுக்கிடுவீங்க.

"சரி, தெளிவா தெரியுதான்னு வீட்லயே எப்படி பாக்கறது?"

காலைல 8 மணியிலேருந்து 10 மணிக்குள்ள, நேரடி வெயில் படாத வாசப்படி இல்லன்னா ஜன்னல் பக்கம், ஒரு கண்ணாடி. முகம் கழுவி அரை மணி நேரம் ஆகியிருக்கணும், கழுவின உடனே கொஞ்சம் செவந்து இருக்கும். பவுடர், க்ரீம், லிப்ஸ்டிக் எதுவும் வேண்டாம், முடியை பின்னாடி கட்டிக்கோங்க, போட்டிருக்கற நைட்டி சுடிதார் கலர் தெரியாத மாதிரி ஒரு வெள்ளைத் துண்டை தோள் மேல போத்திக்கோங்க. இப்போ பீரோல இருக்கற புடவை, துப்பட்டா, தலையணை உறைன்னு பிளெயினா இருக்கறதை ஒவ்வொண்ணா தாடைக்கு கீழ வெச்சு பாருங்க.

எல்லாரும் பண்ற தப்பு, துணியை பாக்கறது. துணி அழகாத்தான் இருக்கும், நீங்க முகத்தை பாக்கணும். கண்ணுக்கு கீழ, மூக்கோரம், வாயை சுத்தி, தாடை விளிம்பு, இந்த நாலு இடம். ஆகாத கலரை வெச்சா கருவளையமும் வாயோர நிழலும் தூக்கித் தெரியும், ஆகற கலரை வெச்சா கண்ணு முதல்ல தெரியும். கண்ணை மூடிட்டு துணியை மாத்திட்டு திறங்க, முதல்ல எங்க பார்வை போகுதுன்னு கவனிங்க. துணி மேல போனா அந்த கலர் உங்களை முந்திடுச்சுன்னு அர்த்தம்.

இது கற்பனை கிடையாது. துணியில பட்ட வெளிச்சம் திரும்பி தாடை மேலயும் கழுத்து மேலயும் விழும், கூடவே துணியோட கலரையும் கொண்டு வரும். ஒரு தடவை கிளிப்பச்சை பிட்டை கழுத்துல வெச்சு வாசல்ல நின்னு பாருங்க, தாடைக்கு அடியில லேசா ஒரு பச்சை நிழல் தெரியும்.

"கடையில பாத்தப்போ அரக்கா இருந்துச்சு, வீட்டுக்கு வந்தா காப்பிப்பொடி கலர், மாத்தி குடுத்துட்டாங்களா?"

மாத்தல, லைட்டு மாறிடுச்சு. கடை ஷோகேஸ்ல மஞ்சள் லைட்டு போடுவாங்க, 2700 கெல்வின், 3000 கெல்வின் அந்த மாதிரி (கெல்வின்னா வெளிச்சம் மஞ்சளா வெள்ளையான்னு சொல்ற அளவு), அதுல சிவப்பு, அரக்கு, ஜரிகை எல்லாம் சூடா ஜொலிக்கும். நம்ம வீட்டு வெள்ளை டியூப் 6500 கெல்வின், அதுல அதே சிவப்பு அடங்கிப் போகும், நீலம் தூக்கும். பல்பு பெட்டி மேல இந்த நம்பர் போட்டிருப்பாங்க, பாருங்க. அதோட ரெண்டு துணி ஒரு லைட்டுல அச்சு அசலா ஒரே கலரா தெரியும், வேற லைட்டுல தனித்தனியா தெரியும், ஏன்னா ரெண்டுலயும் சாயம் வேற வேற. பட்டுக்கு ரூபியா மேட்ச் பண்றப்போ இந்தத் தொல்லை நிறைய வரும்.

அதனால தான் என் கடையில கிழிக்கறதுக்கு முன்னாடி புடவையையும் துணியையும் ரோட்டுக்கு கொண்டு போய் பாக்கச் சொல்வேன். போன ஆவணியில ஒரு அம்மா, மக நிச்சயதார்த்தத்துக்கு அரக்கு புடவை, மழை தூறுதுன்னு உள்ளயே பாத்து வாங்கிட்டு போயிட்டாங்க, தைச்சதுக்கு அப்புறம் பாத்தா ஜாக்கெட் பழுப்பு. கிழிச்ச துணி திரும்பாது, தைச்ச கூலியும் போச்சு. மழை பெய்ஞ்சாலும் குடையோட வெளிய நின்னு பாத்துடுங்க.

"அண்டர்டோன் அண்டர்டோன்னு சொல்றாங்களே, மணிக்கட்டுல நரம்பு பச்சையா இருந்தா வார்மாமே?"

தோலோட மேல் நிறம் வேற, அடியில ஓடற சாயல் வேற. மேல் நிறத்தை பெரும்பாலும் மெலனின்னு தோல்ல இருக்கற நிறமி முடிவு பண்ணுது, அதோட ரத்தத்தோட சிவப்பு, நாம சாப்பிடற காய் பழத்திலேருந்து வர்ற மஞ்சள் எல்லாம் கலந்து வர்றது தான் சாயல். ஒரே அளவு கறுப்பா இருக்கற அக்கா தங்கச்சியில ஒருத்திக்கு தேன் மாதிரி மஞ்சள் சாயல் இருக்கும், அதைத்தான் வார்ம்னு சொல்றாங்க, இன்னொருத்திக்கு நாவப்பழம் மாதிரி நீலச் சாயல் இருக்கும். ரெண்டும் இல்லாம நடுவுல நிறைய பேர், அவங்களுக்கு ரெண்டு பக்கமும் ஓடும்.

நரம்பு டெஸ்ட் வெளுப்பா இருக்கறவங்களுக்கு ஓரளவு உதவும். நம்ம ஊர்ல பாதி பேருக்கு மணிக்கட்டுல நரம்பே சரியா தெரியாது, தெரிஞ்சாலும் மேல இருக்கற தோல் கலர்ல அது பச்சையாத்தான் தெரியும். அதை விட்டுட்டு மேல சொன்ன வாசப்படி டெஸ்ட்ல ரெண்டு வெள்ளையை வெச்சு பாருங்க, ஒண்ணு நீலம் போட்ட பளீர் வெள்ளை, ஒண்ணு நெய்ச்சோறு மாதிரி க்ரீம். பளீர் வெள்ளையில முகம் தெளிஞ்சா நீலச் சாயல் பக்கம், க்ரீம்ல தெளிஞ்சா மஞ்சள் சாயல் பக்கம், வித்தியாசமே தெரியலன்னா நீங்க நடுவுல, கவலையை விடுங்க.

"ஆப்ல போட்டோ போட்டேன், நான் 'டீப் ஆட்டம்'னு வந்துச்சு. அந்த கலர் மட்டும் தான் போடணுமா?"

வேண்டாம். ஆளுங்களை வசந்தம், கோடை, இலையுதிர் காலம் (ஆப் சொன்ன ஆட்டம் இதுதான்), குளிர்காலம்னு நாலா பிரிக்கற இந்த முறை 1980கள்ல அமெரிக்காவுல பெருசா ஓடினது, இப்போ கொரியா மூலமா திரும்ப வந்திருக்கு. தோல், முடி, கண்ணு மூணையும் வெச்சு பிரிப்பாங்க. முடி பொன்னிறம், செம்பட்டை, பழுப்புன்னும் கண்ணு நீலம், பச்சைன்னும் மாறுற ஜனங்களுக்கு அது நல்லா வேலை செய்யும். நம்மள்ல கிட்டத்தட்ட எல்லாருக்கும் கறுப்பு முடி, கறுப்பு இல்லன்னா அடர் பழுப்பு கண்ணு, அதனால எந்த ஆப்ல போட்டாலும் இலையுதிர் காலம் இல்லன்னா குளிர்காலம், இந்த ரெண்டுலயே தள்ளிடும். உங்களுக்கும் அதே, பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் அதே.

தோலை அளக்கற அளவுகோல்கள்லயும் இந்தப் பிரச்சினை ரொம்ப நாள் இருந்துச்சு. 1975ல ஃபிட்ஸ்பாட்ரிக்னு ஒரு அமெரிக்க தோல் டாக்டர் வெயிலுக்கு தோல் எப்படி மாறுதுன்னு பாக்க ஒரு வகைப்பாடு கொண்டு வந்தார், முதல்ல அதுல வெள்ளைத் தோல் வகைகள் மட்டும்தான், பழுப்பும் கறுப்பும் பிற்பாடு தான் சேத்தாங்க. எல்லிஸ் மங்க்னு ஒரு சமூகவியல் பேராசிரியர் உருவாக்கின பத்து நிற அளவுகோலை 2022ல கூகுள் வெளியிட்டுச்சு, அதுல நம்ம ஆளுங்க நிறமெல்லாம் ஓரளவுக்கு இருக்கு. ஆப் சொல்றதை ஒரு யோசனையா வெச்சுக்கோங்க, முடிவை வாசப்படியில எடுங்க.

"கறுப்பா இருக்கறவங்க டார்க் கலர் போட்டா இன்னும் கறுப்பா தெரிவாங்க, லைட் கலர்தான் போடணும்னு எல்லாரும் சொல்றாங்களே?"

இந்த ஒண்ணை மட்டும் கொஞ்சம் நீட்டி சொல்றேன், ஏன்னா இதை நம்பியே எத்தனை பொண்ணுங்க ஆசைப்பட்ட புடவையை கையில எடுத்துட்டு கீழ வெச்சதை என் கண்ணால பாத்திருக்கேன்.

கண்ணு எந்த நிறத்தையும் தனியா பாக்காது, பக்கத்துல இருக்கறதோட சேத்துத்தான் பாக்கும். பாரிஸ்ல கோப்லான்னு ஒரு அரச நெசவுக்கூடம், அங்க சாயப் பிரிவை பாத்துகிட்டவர் செவ்ரோல்னு ஒரு வேதியியல் அறிஞர். கறுப்பு நூல் சரியா ஏறல, மங்கலா இருக்குன்னு புகார் வந்துச்சு. ஆராய்ஞ்சு பாத்தா சாயத்துல குறையே இல்ல, பக்கத்துல நெய்ஞ்ச கலர்தான் அந்தக் கறுப்பை மங்கலா காட்டுதுன்னு கண்டுபிடிச்சார், 1839ல அதை பெரிய புத்தகமாவே போட்டார். அந்த விதிப்படி வெளிர் துணி பக்கத்துல எந்தத் தோலும் இன்னும் அடர்த்தியா தெரியும், அடர் துணி பக்கத்துல அதே தோல் கொஞ்சம் வெளிச்சமா தெரியும். அதாவது ஊர்ல சொல்றதுக்கு நேர் எதிர்.

அப்போ ஊர் சொல்றது முழுப் பொய்யான்னா அப்படியும் இல்ல. வெளிர் துணி வெளிச்சத்தை திருப்பி முகத்து மேல அடிக்கும், கண்ணுக்கு கீழ இருக்கற நிழல் நிரம்பும், அதனால முகம் ஃப்ரெஷ்ஷா தெரியும். அடர் துணி வெளிச்சத்தை முழுங்கிடும். ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கும், எது ஜெயிக்கும்னு உங்க முகம், அந்தத் துணியோட பளபளப்பு, நிக்கற இடத்து வெளிச்சம் எல்லாம் சேந்து முடிவு பண்ணும். பாட்டில் பச்சை பட்டு கறுப்புப் பொண்ணுக்கு தேவதை மாதிரி இருக்கும், அதே பாட்டில் பச்சை மங்கின பாலியெஸ்டர்ல சுமாரா இருக்கும். கலர் அதேதான், பட்டு வெளிச்சத்தை திருப்பிக் குடுக்குது.

"என் தங்கச்சி நல்ல சிவப்பு, அவளுக்கு எது போட்டாலும் சூட் ஆகும்ல?"

ஆகாது. வெளுப்பா மஞ்சள் சாயலோட இருக்கறவங்களுக்கு வெளிர் சந்தனம், பீச், எலுமிச்சை மஞ்சள் போட்டா முகமும் துணியும் ஒண்ணா கலந்து ரத்தசோகை மாதிரி தெரியும். பரு தழும்பு, கன்னத்துல செவப்பு இருந்தா பளீர் சிவப்பும் ஆரஞ்சும் அதை தூக்கிக் காட்டும். அவங்களும் டெஸ்ட் பண்ணித்தான் எடுக்கணும்.

"நான் மாநிறம், கறுப்பும் இல்ல வெளுப்பும் இல்ல, எனக்குன்னு தனியா ஏதாவது இருக்கா?"

உங்களுக்கு ஒரே ஒரு ஜாக்கிரதை, உங்க தோல் கலர்லயே இருக்கற துணி. பிஸ்கட் கலர், வெளிர் காப்பி, பீஜ், மணல் கலர் இதெல்லாம் மாநிறத்து மேல போட்டா கழுத்து எங்க முடியுது ஜாக்கெட் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது. ஆசையா இருந்தா தோலை விட நாலு ஷேடு கூட்டியோ குறைச்சோ எடுங்க. மத்தபடி மாநிறத்துக்குத்தான் ரேக்ல இருக்கறதுல ரொம்ப அதிகமா ஓடும்.

சங்கப் பாட்டுல பொண்ணோட மேனி அழகுக்கு மாமைன்னு பேர், மாந்தளிர் நிறம். காதலன் பிரிஞ்சா அந்த மாமை போய் வெளிறிடும், அதுக்கு பசலைன்னு பேர், அதை நோயாத்தான் பாடியிருக்காங்க. வெளுப்பு வந்துடுச்சேன்னு அழுத ஊர் இது. கடைக்கு வர்ற தமிழ் டீச்சர் ஒருத்தங்க சொல்லிக் குடுத்தது, அதுக்கப்புறம் மாந்துளிர் கலர் பிட்டு கேட்டு யாராவது வந்தா இதை சொல்லாம அனுப்பறதில்ல.

"மஞ்சள் எனக்கு ஆகவே ஆகாதுன்னு சின்ன வயசுலயே அம்மா சொல்லிட்டாங்க, ஆனா நலங்குக்கு மஞ்சள் கட்டியே ஆகணுமே?"

எந்த மஞ்சள் ஆகலன்னு அம்மா பாத்தாங்க? அனேகமா எலுமிச்சை மஞ்சளா இருக்கும், அதுல பச்சை கலந்திருக்கு, நிறைய பேருக்கு தாடையில அந்தப் பச்சை விழும். மாம்பழ மஞ்சள்ல சிவப்பு கலந்திருக்கு, அது வேற ஜாதி. கடுகு மஞ்சள் அடர்த்தி, கறுப்புத் தோலுக்கு ரொம்ப அழகு. தாழம்பூ கலர் வெளிர், மாநிறத்துக்கு வாடாமல்லி பார்டரோட நல்லா இருக்கும். நாலையும் வாசல்ல வெச்சு பாருங்க, ஒண்ணாவது உக்காரும். எந்த கலரையும் இப்படி மொத்தமா தள்ளிடாதீங்க, அந்த கலர்ல உங்களுக்கான ஷேடு எதுன்னு தேடுங்க.

"வெள்ளை போட்டா என் முகம் மட்டும் கறுப்பா தனியா தெரியுது, வெள்ளையே விட்டுடவா?"

விடாதீங்க. கறுப்புத் தோல் மேல வெள்ளை மாதிரி எடுப்பான சேர்க்கை வேற இல்ல, ஓணத்தப்போ கசவு கட்டிட்டு நிக்கற கறுப்பு சேச்சிங்களை பாத்திருப்பீங்க, அது கோரா கலர், நெய்ஞ்ச நூலோட சொந்த நிறம், கூட ஜரிகைக் கரை. உங்களுக்கு பளீர் வெள்ளை தான் உறுத்தியிருக்கும். புது வெள்ளைத் துணியில ஒளி கூட்டற கெமிக்கல் சேத்திருப்பாங்க, சோப்புத்தூள்லயும் இருக்கும், அது வெயில்ல நீலமா மின்னும். அதோட சொட்டு நீலமும் போட்டா கேக்கவே வேண்டாம். அண்டர்டோன் கேள்வியில சொன்ன க்ரீம் பக்கம் வாங்க, இல்ல வெள்ளைக்கு மேல முகத்துக்கு பக்கத்துல ஒரு கலர் வெச்சுக்கோங்க, பெரிய பொட்டு கூட போதும்.

"கறுப்பு கலர் எல்லாருக்கும் சூட் ஆகும்ல?"

இல்ல. வயசு 45க்கு மேல போகப் போக கழுத்தோரம் கறுப்பு வெச்சா கண்ணு கீழ நிழல் கூடும். கழுத்து கொஞ்சம் இறக்கமா தைச்சுக்கோங்க, இல்லன்னா கறுப்பு புடவைக்கு கலர் ஜாக்கெட் போட்டுக்கோங்க.

"ரிசப்ஷனுக்கு பேஸ்டல் தான் வேணும்னு நிக்கறா, பொண்ணு கறுப்பு, என்ன பண்றது மேடம்?"

வாங்கிக் குடுங்க, ஆனா சரியான பேஸ்டலா வாங்குங்க. பேஸ்டல்ல ரெண்டு ஜாதி, வெள்ளை கலந்து வெளுத்தது, சாம்பல் கலந்து வெளுத்தது. முதல் ஜாதி தெளிவா இருக்கும், புதினா, குழந்தை ரோஸ், தெளிவான லாவெண்டர் மாதிரி, இது கறுப்புத் தோல்ல பூ மாதிரி மலரும். ரெண்டாவது ஜாதி, தூசி படிஞ்ச ரோஸ், சாம்பல் லாவெண்டர், ஸேஜ் பச்சை, இதுல தான் முகம் அடங்கிப் போகும். இப்போ ஃபேஷன் இந்த ரெண்டாவது தான், அதுதான் சிக்கல்.

அவளுக்கு அதுவே வேணும்னா ஜாக்கெட்டை அதே குடும்பத்துல மூணு நாலு ஷேடு அடர்த்தியா எடுங்க, சாம்பல் லாவெண்டருக்கு கத்தரிப்பூ கலர் ஜாக்கெட், தூசி ரோஸுக்கு மாதுளை கலர். மேடை ஃபுல்லா வெள்ளைப் பூ அலங்காரமான்னும் கேட்டுக்கோங்க, பின்னாடியும் வெளிர், புடவையும் வெளிர்னா மேல சொன்ன செவ்ரோல் கதை மேடையிலயே நடக்கும்.

"புடவை ஏற்கனவே எடுத்தாச்சு, மாமியார் எடுத்துக் குடுத்தது, கலர் செட் ஆகல, திருப்பவும் முடியாது"

இதுக்குத்தான் நான் கடை வெச்சிருக்கேன். ஆறு கஜம் புடவையில முகத்துக்கு பக்கத்துல வர்றது ரொம்பக் கொஞ்சம், ஜாக்கெட் கழுத்தும் தோள்ல போற முந்தானையும் மட்டும்தான். இடுப்புக்கு கீழ எந்த கலர் இருந்தாலும் முகத்துக்கு ஒண்ணும் ஆகாது. அதனால ஜாக்கெட்டை உங்களுக்கு ஆகற கலர்ல மாத்துங்க, புடவை பார்டர்லயோ புட்டாவுலயோ அந்த கலர் ஒரு நூலாவது இருக்கான்னு தேடுங்க, இருந்தா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. காஞ்சிபுரம் கோர்வைப் புடவைன்னா புடவை உடம்பும் பார்டரும் தனித்தனி கலர்ல நெய்ஞ்சு கோத்திருப்பாங்க, அங்க வேலை சுலபம், பார்டர் கலரை ஜாக்கெட்டுக்கு கொண்டு வந்து, முந்தானை மடிக்கறப்போ அந்த பார்டர் கழுத்தோரம் வர்ற மாதிரி பின் குத்துங்க.

ஒரு பொண்ணு சிமெண்ட் கலர் பட்டோட வந்தா, அழாத குறை. புடவையை விரிச்சு தேடினதுல முந்தானை ஓரத்துல ஒரு விரல் அகலத்துக்கு வெங்காயத்தோல் கலர் கோடு ஓடுச்சு. அந்த கலர்ல ரா சில்க் பிட்டு எடுத்து, புடவையோட சேத்து அவ தோள்ல போட்டு கண்ணாடி முன்னாடி நிறுத்தினோம். ரெண்டு நிமிஷம் பேசாம பாத்துட்டு, "இதுவா அந்தப் புடவை"ன்னா.

"மயில் கழுத்து கலர் மாதிரி ரெண்டு கலரா தெரியற புடவையை எப்படி பாக்கறது, எதை நம்பறது?"

அதுல பாவு, அதாவது நீளவாக்கு நூல் ஒரு கலர், ஊடை, அதாவது குறுக்கு நூல் ஒரு கலர். மயில் கழுத்துன்னா நீலமும் பச்சையும், சில தறியில நீலமும் வாடாமல்லியும். மடிப்பு எந்தப் பக்கம் விழுதோ அதுக்கேத்த மாதிரி ஒண்ணு தூக்கும். மேஜை மேல விரிச்சு பாத்தா தெரியாது, தோள்ல போட்டு மடிப்பு வெச்சு நடந்து பாருங்க, தோள்ல எந்த கலர் நிக்குதோ அதை வெச்சு முடிவு பண்ணுங்க. ஆனா நான் சொல்றேன், கறுப்பு, மாநிறம், வெளுப்பு எல்லாருக்கும் நல்லா வர்ற புடவை ஜாதி இது தான், வெளிச்சம் அசைஞ்சுகிட்டே இருக்கறதால முகத்துல ஒரே நிழல் நிக்காது.

"ஜரிகை கோல்டா சில்வரா?"

அண்டர்டோன்ல மஞ்சள் பக்கம்னா கோல்டு, நீலம் பக்கம்னா சில்வர்னு சொல்வாங்க, ஓரளவு சரி. ஆனா நாம கழுத்துல தாலிக்கொடி, சங்கிலி, காதுல தோடுன்னு தங்கமே போட்டுப் பழகினவங்க, கண்ணுக்கும் அது பழகிடுச்சு. சில்வர் ஜரிகை எடுத்தா அன்னைக்கு நகையும் வெள்ளியோ வெள்ளைக் கல்லோ போடுங்க, அப்போ தான் எடுபடும். செம்பு சாயல் ஜரிகை அடர்ந்த தோல்ல ரொம்ப இதமா இருக்கும், அதை யாரும் கேக்கறதே இல்ல.

"அண்ணனுக்கு சட்டை எடுக்கணும், ஆம்பளைங்களுக்கும் இதெல்லாம் உண்டா?"

எல்லாம் அப்படியே உண்டு, அவங்களுக்கு ஜாக்கெட்டுக்கு பதில் காலர். வேட்டி வெள்ளை, அதனால சட்டை ஒண்ணு தான் வேலை செய்யணும். கறுப்பா இருக்கற ஆம்பளைங்க வெளிர் நீலத்துலயும் சாம்பல்லயுமே வாழ்க்கையை ஓட்டறாங்க, அரக்கு, மயில்நீலம், அடர் பச்சை, கடுகு கலர் லினன் சட்டை ஒண்ணு எடுத்துக் குடுத்து பாருங்க. தாடி நிறைய வெச்சிருந்தா தாடைக்கும் துணிக்கும் நடுவுல கறுப்பு வந்துடும், அப்போ டெஸ்ட்டை தாடியோடதான் பண்ணணும்.

"வெயில்ல அலைஞ்சு கறுத்துட்டேன், இப்போ கலரெல்லாம் மாத்தணுமா?"

அடர்த்தி தான் கூடியிருக்கு, சாயல் பெரும்பாலும் அப்படியே தான் இருக்கும். ஒரு ஷேடு தெளிவா, கொஞ்சம் அழுத்தமா எடுத்தா போதும். முகமும் கழுத்தும் வேற வேற கலர்ல இருந்தா முகத்தை வெச்சே பாருங்க.

"முடி நரைச்சுடுச்சு, டை அடிக்கறதையும் விட்டுட்டேன், பழைய புடவையெல்லாம் ஏதோ மாதிரி இருக்கு"

உங்களுக்கு தோணறது சரிதான். இத்தனை வருஷமா முகத்தை சுத்தி கறுப்பு ஃப்ரேம் இருந்துச்சு, இப்போ அது வெள்ளி. பழுப்பு, காப்பி, மங்கின மஞ்சள் எல்லாம் வெள்ளி முடிக்கு பக்கத்துல கலங்கித் தெரியும். நீலம், கத்தரிப்பூ, மாதுளை, ராமர் பச்சை எல்லாம் முன்னைக்கு இப்போ தான் அழகு. எம்.எஸ். ப்ளூன்னு ஒரு நீலம் இருக்கு, எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டினதால அந்தப் பேரு, நரைச்ச முடிக்கு அதை விட நல்ல கலர் நான் பாத்ததில்ல.

"நேர்ல நல்லா இருக்கு, போட்டோல மட்டும் முகம் கறுத்துப் போகுது, கலர் தப்பா?"

கலர் தப்பில்ல, கேமரா கணக்கு. ஃபிரேம்ல இருக்கற வெளிச்சத்தை எல்லாம் சராசரி பண்ணி நடுத்தர சாம்பலா கொண்டு வர தான் கேமரா பாக்கும். பெரிய வெள்ளைப் புடவையோ பின்னாடி வெளிச்சமான ஜன்னலோ இருந்தா, அய்யோ வெளிச்சம் அதிகம்னு மொத்தத்தையும் குறைச்சுடும், முகமும் சேந்து இருண்டுடும். போன்ல முகத்து மேல ஒரு தடவை தொட்டு, வர்ற சூரியன் குறியை மேல இழுங்க. போட்டோகிராஃபர்கிட்ட முகத்துக்கு வெளிச்சம் வெச்சு எடுங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க, வெளுப்பாக்கி குடுக்காதீங்கன்னும் சேத்து சொல்லுங்க.

ஃபிலிம் காலத்துல இது இன்னும் மோசம். பிரிண்ட் கலர் சரியா இருக்கான்னு பாக்க கோடாக் கம்பெனி ஷெர்லி கார்டுன்னு ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு படத்தை லேப்களுக்கு அனுப்பும், அந்தத் தோல் சரியா வந்தா எல்லாம் சரின்னு கணக்கு. நம்ம அம்மா கல்யாண ஆல்பத்துல முகமெல்லாம் இருட்டா இருக்கறதுக்கு அவங்க கட்டின புடவை காரணமா இருந்திருக்காது.

"ஆன்லைன்ல வாங்கறப்போ எப்படி நம்பறது?"

மாடல் போட்டோவை விடுங்க, வாங்கினவங்க ரிவ்யூல போட்ட போட்டோவை பாருங்க, அதுலயும் பகல்ல ஜன்னல் பக்கம் எடுத்ததை. போன்ல இரவு மஞ்சள் மோடு ஆஃப்ல இருக்கணும். வந்ததும் டேக் கழட்டாம, மறுநாள் காலைல டெஸ்ட் பண்ணிட்டு அப்புறம் வெச்சுக்கலாமா அனுப்பலாமான்னு முடிவு பண்ணுங்க.

"ஆன்ட்டி, என் பொண்ணுக்கு 9 வயசு, ஸ்கூல்ல யாரோ சொல்லிட்டாங்களாம், ரோஸ் கலர் எனக்கு வேண்டாம் நான் கறுப்புங்கறா"

இதை கேக்கறப்போ எல்லாம் எனக்கு வயிறு எரியும். அவகிட்ட "நீ கறுப்பு இல்லடி"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அப்போ கறுப்புன்னா ஏதோ தப்புன்னு அவளுக்கு உறுதியாயிடும். நீ கறுப்பு, அழகு, இந்த ரோஸ் உனக்கு நல்லா இருக்குன்னு மூணையும் சேத்து சொல்லுங்க. 2009ல சென்னையில விமன் ஆஃப் வொர்த்ங்கற அமைப்பு டார்க் இஸ் பியூட்டிஃபுல்னு ஒரு இயக்கம் ஆரம்பிச்சாங்க, 1975லேருந்து வித்துகிட்டிருந்த ஃபேர் அண்ட் லவ்லி க்ரீம் 2020ல பேர்ல இருந்த ஃபேரை எடுத்துட்டு க்ளோ போட்டுச்சு. பேர் மாறிடுச்சு, வகுப்புல பேச்சு இன்னும் மாறல, அதனால வீட்ல தான் ஆரம்பிக்கணும்.

அப்புறம் அவளை கடைக்கு கூட்டிட்டு வாங்க. ரோஸ்ல என்கிட்ட ஒரு டஜனுக்கு மேல ஷேடு இருக்கு, ஒவ்வொண்ணா அவளே கண்ணாடியில வெச்சு பாக்கட்டும், எது நல்லா இருக்குன்னு அவ வாயாலயே சொல்லட்டும். ராணி ரோஸை வெச்சுட்டு கீழ வைக்காத குழந்தைங்களை நான் நிறைய பாத்திருக்கேன்.

"அப்பா போனதுக்கப்புறம் 14 வருஷமா அம்மா வெளுத்த கலர் தான் கட்டறாங்க, இப்போ கலர் கட்டச் சொன்னா எனக்கு ஆகாதுங்கறாங்க, உண்மையாவே ஆகாதா?"

கலர் ஆகாதுன்னு அவங்க தோல் சொல்லல, ஊர் சொல்லி பழகிடுச்சு. எடுத்த உடனே அரக்கு வாங்கிட்டு வந்து நீட்டாதீங்க, பதறிடுவாங்க. அவங்க கட்டற அதே சாம்பல் புடவைக்கு ஜாக்கெட்டை மட்டும் மாத்துங்க, ஜாக்கெட் தான் முகத்துக்கு பக்கம்னு மேல சொன்னேன்ல. நரைச்ச முடின்னா கத்தரிப்பூ, அடர் நீலம் இதுலேருந்து ஆரம்பிங்க, யார் கண்ணையும் உறுத்தாது, முகம் மட்டும் தெளியும்.

போன தை மாசம் ஒரு பொண்ணு இப்படித்தான் அம்மாவை கூட்டிட்டு வந்தா. அந்தம்மா ஸ்டூல்ல உக்காந்துட்டு "எனக்கெதுக்கு, எனக்கெதுக்கு"ன்னாங்க. நாலஞ்சு பிட்டு காட்டினேன், எல்லாம் அடக்கமான கலரா. எதையும் தொடல. அப்புறம் யாருக்கோ கிழிச்சுட்டு மடிக்காம வெச்சிருந்த வாடாமல்லி துணியை விரல்ல லேசா தடவிகிட்டே இருந்தாங்க. நான் ஒண்ணும் சொல்லாம அதை எடுத்து அவங்க தோள்ல போட்டு, கையைப் பிடிச்சு வாசல்ல வெளிச்சத்துக்கு கூட்டிட்டு போய் கண்ணாடியை காட்டினேன். பாத்துட்டு, "ஒரு மீட்டர் போதுமா, நான் கொஞ்சம் குண்டு"ன்னாங்க.